கோப்பு அணுகல் பட்டியலை நிரல்வழியே கையாளுதல்: ஓர் எளிய அறிமுகம்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்பதை ஒன்பது பிட்டுகள் முடிவு செய்கின்றன. உரிமையாளருக்கு மூன்று, கோப்புக்குரிய குழுவுக்கு மூன்று, மற்ற அனைவருக்கும் மூன்று. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று கூட்டி, ஒவ்வொரு மூன்றையும் ஓர் இலக்கமாக எழுதுவார்கள். 0640 என்று ஒரு கோப்பின் அனுமதி எண்ணைப் பார்த்தால், உரிமையாளர் படிக்கவும் எழுதவும் முடியும், குழுவினர் படிக்க மட்டும் முடியும், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை என்று உடனே புரிந்துகொள்ளலாம். இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு பல ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், பெரும்பாலான தேவைகள் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன என்பதுதான்.

அடங்காத தேவைகளும் உண்டு. ‘கயல்’ என்ற பயனருக்குச் சொந்தமான ஒரு கோப்பு, ‘கணக்கு’ என்ற குழுவுக்கு உரியதாக, 0640 என்ற அனுமதியோடு இருப்பதாகக் கொள்வோம். அந்தக் குழுவில் இல்லாத ‘மாறன்’ அதைப் படிக்க வேண்டும். குழுவில் இருக்கும் ‘செல்வி’ மட்டும் அதில் எழுதவும் வேண்டும். குழுவின் மற்ற உறுப்பினர்கள் இதுவரை போலவே படித்தால் போதும். ஒன்பது பிட்டுகளை எப்படி மாற்றி அமைத்தாலும் இதைச் சொல்ல முடியாது. மாறனைக் குழுவில் சேர்த்தால், அந்தக் குழுவுக்குத் திறந்திருக்கும் மற்றெல்லாக் கோப்புகளும் அவருக்குத் திறந்துவிடும். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு புதிய குழுவை உருவாக்கிக்கொண்டே போனால், சில மாதங்களில் எந்தக் குழு எதற்கு என்று நிர்வாகிக்கே தெரியாமல் போகும்.

இந்த இடத்தில்தான் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் தேவைப்படுகிறது. புழக்கத்தில் அதை ஏசிஎல் என்கிறார்கள். ஒரு கோப்போடு ஒட்டிய பட்டியல் அது. அதன் ஒவ்வொரு பதிவும் ‘இன்னாருக்கு இன்னின்ன அனுமதி’ என்று சொல்கிறது. இந்தக் கருத்து புதிதன்று. 1960-களில் வடிவமைக்கப்பட்ட மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே அது இருந்தது. 1993-இல் வெளியான விண்டோஸ் என்டி அதைக் கோப்பு முறைமையின் அடித்தளமாகவே வைத்துக்கொண்டது. யூனிக்ஸ் உலகில் இதற்கென ஒரு பொதுத் தரம் வகுக்கும் முயற்சி, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தர வரிசையில் 1003.1இ என்ற வரைவாக நின்று, முழுமை பெறாமலேயே 1998-இல் கைவிடப்பட்டது. ஆனாலும் அந்த வரைவின் பதினேழாம் பதிப்பைப் பின்பற்றியே லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவை தங்கள் பட்டியல்களை அமைத்தன. லினக்ஸின் கர்னலில், அதாவது இயங்குதளத்தின் உள்மையத்தில், இது 2002-இல் சேர்ந்தது. கைவிடப்பட்ட ஒரு வரைவே நடைமுறைத் தரமாகிவிட்டது என்பதால், ஒரே பெயர் கொண்ட செயற்கூறுகள் இயங்குதளத்துக்கு இயங்குதளம் சிறிது மாறி நடந்துகொள்வதைப் பார்க்க நேரும். அதில் வியப்படைய ஒன்றுமில்லை.

முதலில் லினக்ஸின் முறையை விரிவாகப் பார்த்துவிட்டு, விண்டோஸ் அதிலிருந்து எங்கெங்கே பிரிகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

போசிக்ஸ் வகைப் பட்டியலில் ஆறு வகைப் பதிவுகள் உள்ளன: உரிமையாளருக்கானது, பெயர் குறிப்பிட்ட பயனருக்கானது, கோப்புக்குரிய குழுவுக்கானது, பெயர் குறிப்பிட்ட வேறொரு குழுவுக்கானது, மாஸ்க் எனப்படும் உச்சவரம்பு, மற்றவர்களுக்கானது. இவற்றில் உரிமையாளர், கோப்புக்குரிய குழு, மற்றவர்கள் ஆகிய மூன்றும் எப்போதும் இருந்தே தீர வேண்டும். அவை ஒன்பது பிட்டுகளின் மறுவடிவமே. எனவே ஏசிஎல் என்ற பெயரையே கேள்விப்படாத ஒரு கோப்பிடம் போய் ‘உன் பட்டியலைக் கொடு’ என்று நிரல் கேட்டாலும், மூன்று பதிவுகள் கொண்ட ஒரு பட்டியல் கிடைக்கும். அந்தக் கோப்போடு தனியாக எதுவும் சேமிக்கப்பட்டிருக்காது. நூலகமே அனுமதி பிட்டுகளைப் பார்த்து அதை அமைத்துத் தருகிறது. பெயர் குறிப்பிட்ட பயனரோ குழுவோ ஒன்று சேர்ந்த கணமே, மாஸ்க் பதிவும் கட்டாயமாகிறது.

இனி, ஒரு நிரல் கோப்பைத் திறக்க முயலும்போது கர்னல் இந்தப் பட்டியலை எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம். பட்டியலில் எங்கேனும் அனுமதி இருந்தால் போதும் என்று கர்னல் தேடுவதில்லை. திறக்க வந்தவர் உரிமையாளரா என்று முதலில் பார்க்கிறது. ஆம் எனில் உரிமையாளர் பதிவு மட்டுமே பேசும், வேறெதையும் அது பார்க்காது. உரிமையாளர் இல்லையென்றால், அவர் பெயரில் ஒரு பதிவு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அந்தப் பதிவே இறுதி. அதுவும் இல்லையென்றால், அவர் சேர்ந்திருக்கும் குழுக்களில் எதற்காவது பதிவு உண்டா என்று பார்க்கிறது. பொருந்தும் குழுப் பதிவுகளில் ஏதேனும் ஒன்று கேட்ட அனுமதி முழுவதையும் தந்தால் கதவு திறக்கும். குழுப் பதிவு பொருந்தியும் எதுவும் தரவில்லை என்றால் அங்கேயே மறுப்பு. மற்றவர்களுக்கான பதிவுக்கு அது இறங்கி வருவதில்லை. எந்தக் குழுவும் பொருந்தாதவருக்கு மட்டுமே கடைசிப் பதிவு. ரூட் எனப்படும் தலைமை நிர்வாகிக் கணக்கு உள்ளிட்ட சிறப்பு அதிகாரம் பெற்ற செயல்முறைகள் இந்தச் சோதனையைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் என்பதால், ரூட்டாக இருந்துகொண்டு பட்டியலைச் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை.

இந்த வரிசையிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. குழுவில் இருக்கும் ஒருவரை மட்டும் விலக்கி வைக்க வேண்டுமானால், அவர் பெயரில் எந்த அனுமதியும் இல்லாத ஒரு பதிவைச் சேர்த்தால் போதும். பெயர்ப் பதிவு குழுப் பதிவுக்கு முந்தியது என்பதால் குழுவின் அனுமதி அவரைச் சென்று சேராது. இரண்டாவது விளைவு சற்றுக் கரடுமுரடானது. ஒருவர் இரண்டு குழுக்களில் இருக்கிறார், ஒரு குழுவுக்குப் படிக்கும் அனுமதியும் மற்றொன்றுக்கு எழுதும் அனுமதியும் உள்ளது என்றால், அவர் கோப்பைப் படிக்கவெனத் திறக்கலாம், எழுதவெனவும் திறக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே அழைப்பில் திறக்க முடியாது. இரண்டையும் ஒருங்கே தரும் ஒற்றைப் பதிவு இல்லை என்பதே காரணம். அனுமதிகள் கூட்டிச் சேர்க்கப்படும் என்ற எண்ணத்தோடு நிரல் எழுதுபவர் இங்கே தடுமாறுவார்.

மாஸ்க் என்ற பதிவைத்தான் தொடக்கநிலையாளர்கள் மிகக் குறைவாகப் புரிந்துகொண்டு மிக அதிகமாக அவதிப்படுகிறார்கள். அது யாருக்கும் எதையும் வழங்குவதில்லை. பெயர் குறிப்பிட்ட பயனர்கள், கோப்புக்குரிய குழு, பெயர் குறிப்பிட்ட குழுக்கள் ஆகிய அனைவருக்கும் மேலே அது ஓர் உச்சவரம்பாக நிற்கிறது. ஒரு பதிவில் எழுதியிருக்கும் அனுமதியும் மாஸ்க்கில் இருக்கும் அனுமதியும் எங்கே ஒத்துப்போகின்றனவோ அதுவே உண்மையில் கிடைக்கும் அனுமதி. உரிமையாளருக்கும் மற்றவர்களுக்கும் இந்த வரம்பு பொருந்தாது.

நம் எடுத்துக்காட்டுக் கோப்புக்குத் திரும்புவோம். மாறனுக்குப் படிக்கவும், செல்விக்குப் படிக்கவும் எழுதவும், கணக்குக் குழுவுக்குப் படிக்கவும் அனுமதி தந்து, மாஸ்க்கைப் படித்தலும் எழுதுதலும் கொண்டதாக வைக்கிறோம். இப்போது கோப்புகளைப் பட்டியலிடும் வழக்கமான கட்டளையை இயக்கினால், அனுமதி வரிசையின் இறுதியில் ஒரு கூட்டல் குறி தெரியும். அதுவே விரிவான பட்டியல் இருப்பதற்கான அடையாளம். கூடவே, குழுவுக்கு எழுதும் அனுமதியும் இருப்பதுபோலக் காட்டப்படும். பார்ப்பவர் திடுக்கிடுவார். குழுவுக்கு எழுதும் அனுமதி உண்மையில் இல்லை. விரிவான பட்டியல் வந்த பிறகு, குழுவின் மூன்று பிட்டுகள் இருந்த இடத்தில் மாஸ்க்கின் பிட்டுகள் காட்டப்படுகின்றன, அவ்வளவுதான்.

காட்சியோடு இது நின்றிருந்தால் தொல்லை இல்லை. அதைப் பார்த்துக் கவலைப்பட்ட யாரோ, அனுமதி எண்ணை மாற்றும் சிஎச்மாட் கட்டளையால் கோப்பை 0640-க்கு மாற்றினால், மாறுவது குழுவின் பதிவு அன்று, மாஸ்க். அது படித்தல் மட்டும் என்று சுருங்கும். செல்வியின் பதிவில் எழுதும் அனுமதி அப்படியே எழுதப்பட்டிருக்கும், ஆனால் அவரால் எழுத முடியாது. இந்த வடிவமைப்பு முதற்பார்வையில் விசித்திரமாகத் தோன்றினாலும், பட்டியலைப் பற்றி எதுவும் அறியாத பழைய நிரல்கள் ‘குழுவுக்கு இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லும்போது, அந்தச் சொல் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையில் பிறந்தது அது. பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் ஒரு பதிவில் எழுதியிருப்பதை வைத்து ‘இவருக்கு அனுமதி உண்டு’ என்று அறிவிக்கும் எந்த நிரலும் தவறான நிரலே.

கட்டளைகள் இருக்கும்போது நிரலாக்க இடைமுகம் எதற்கு என்ற கேள்வி எழலாம். பட்டியலைக் காட்டவும் மாற்றவும் கெட்ஃபேக்ல், செட்ஃபேக்ல் என்ற இரு கட்டளைகள் உள்ளன. கையால் செய்யும் வேலைக்கு அவை போதும். ஆனால் ஒரு நிரல் தன் வேலையின் நடுவே அந்தக் கட்டளையை, கட்டளை வரிகளை ஏற்று இயக்கும் ஷெல் வழியாக அழைத்து, அது அச்சிடும் உரையை அலசிப் பார்த்து முடிவெடுப்பது நொய்ந்த வழி. கோப்புப் பெயரில் வெற்றிடமோ வேறு குறியோ இருந்தால் கட்டளை வேறொன்றாகிவிடும். பிழை ஏற்பட்டால் அதன் காரணம் ஓர் எண்ணாக வராமல் ஒரு வாக்கியமாக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கோப்பின் மீது கட்டளையைச் செலுத்த நேரடியான வழி இல்லை.

லினக்ஸில் இந்த இடைமுகம் லிப்ஏசிஎல் என்ற சி மொழி நூலகமாகக் கிடைக்கிறது. அதன் அடிப்படை மனப்போக்கு எளிது: கோப்பில் இருக்கும் பட்டியலை நேரடியாகத் தொட முடியாது. பட்டியலின் ஒரு நகலை நினைவகத்துக்கு எடுத்து வருகிறோம், நகலில் திருத்துகிறோம், அது செல்லுபடியாகுமா என்று சரிபார்க்கிறோம், முழு நகலையும் கோப்பில் திரும்ப வைக்கிறோம். எடுப்பதற்கு ஏசிஎல்_கெட்_ஃபைல், வைப்பதற்கு ஏசிஎல்_செட்_ஃபைல். இடையில் எத்தனை திருத்தம் செய்தாலும், வைக்கும் அழைப்பு வரை கோப்பில் எதுவும் மாறுவதில்லை. வைக்கும்போது பழைய பட்டியல் முற்றாக நீங்கிப் புதியது அதன் இடத்தில் அமர்கிறது. ‘ஒரே ஒரு பதிவை மட்டும் கோப்பில் சேர்’ என்று சொல்லும் செயற்கூறு அந்த நூலகத்தில் இல்லை. ஒரு பதிவு மட்டும் கொண்ட பட்டியலைப் புதிதாக உருவாக்கி அதை வைக்க முயல்பவருக்குப் பிழைதான் கிடைக்கும். அவசியமான மற்ற பதிவுகளையும் சேர்த்து வைத்துவிட்டாலோ, முன்பிருந்த பெயர்ப் பதிவுகள் அனைத்தும் சத்தமின்றி மறைந்துபோகும்.

மாறனுக்குப் படிக்கும் அனுமதி தரும் நிரலை மனத்தில் எழுதிப் பார்ப்போம். முதலில் மாறன் என்ற பெயருக்குரிய பயனர் எண்ணைக் கண்டறிய வேண்டும். பட்டியலில் சேமிக்கப்படுவது எண்ணே, பெயர் அன்று. பின்னர் ஏசிஎல்_கெட்_ஃபைல் செயற்கூறுக்குக் கோப்பின் பாதையையும், எந்த வகைப் பட்டியல் வேண்டும் என்பதையும் தருகிறோம். இங்கே வேண்டியது அணுகல் வகை. கிடைத்த நகலில், மாறனுக்கு ஏற்கெனவே பதிவு உள்ளதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே பயனருக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் பட்டியல் செல்லாது. ஏசிஎல்_கெட்_என்ட்ரி செயற்கூறை முதல் பதிவு வேண்டும் என்று ஒருமுறையும், அடுத்த பதிவு வேண்டும் என்று மீண்டும் மீண்டும் அழைத்தும் இதைச் செய்கிறோம். அது பதிவு கிடைத்தால் 1, இனிப் பதிவு இல்லையென்றால் 0, பிழை என்றால் -1 தரும். வெற்றிக்கு 0 என்ற சி மொழி வழக்கத்திலேயே ஊறியவர்கள் இங்கே தவறான நிபந்தனை எழுதி, முதல் பதிவிலேயே சுற்றை முடித்துவிடுவது உண்டு.

ஒவ்வொரு பதிவிலும் முதலில் கேட்க வேண்டியது அதன் வகை. அதை ஏசிஎல்_கெட்_டேக்_டைப் சொல்லும். பெயர் குறிப்பிட்ட பயனர் வகை என்றால் மட்டுமே, ஏசிஎல்_கெட்_குவாலிஃபையர் மூலம் அந்தப் பயனர் எண்ணைப் பெற முடியும். இந்தச் செயற்கூறு தருவது எண்ணை அன்று, எண் வைக்கப்பட்ட நினைவக இடத்தின் சுட்டியை. வேலை முடிந்ததும் அந்த இடத்தை ஏசிஎல்_ஃப்ரீ கொண்டு விடுவிக்க வேண்டும். பட்டியலின் நகலையும், பட்டியலை உரையாக மாற்றித் தரும் செயற்கூறின் விடையையும் இதே செயற்கூறால்தான் விடுவிக்கிறோம். சுற்றுக்குள் குவாலிஃபையர் சுட்டியை விடுவிக்க மறப்பது மிகப் பரவலான கசிவு; சிறு கருவியில் அது தெரியாது, ஆயிரக்கணக்கான கோப்புகளை நடந்து பார்க்கும் சேவையில் நினைவகம் மெல்ல வீங்கும்.

பதிவு இல்லையென்று உறுதியானால் ஏசிஎல்_கிரியேட்_என்ட்ரி மூலம் ஒன்றைப் புதிதாக உருவாக்குகிறோம். இதற்குப் பட்டியலின் முகவரியை அனுப்ப வேண்டும். இடம் போதாமல் நூலகம் பட்டியலை வேறிடத்துக்கு நகர்த்த நேர்ந்தால், நம்மிடமுள்ள மாறியையும் அது புதுப்பித்துத் தரும். பிறகு பதிவின் வகையை அமைத்து, பயனர் எண்ணைப் பொருத்தி, அனுமதித் தொகுதியை எடுத்து, முதலில் அதைத் துடைத்துவிட்டு, படித்தல் அனுமதியைச் சேர்க்கிறோம். எழுதிப் பார்த்தால் ஏழெட்டு வரிகள் ஆகும். இவ்வளவு சுற்றிவளைப்பது பலருக்கு எரிச்சலூட்டும். எனக்கும் அது இனிமையான இடைமுகமாகத் தோன்றவில்லை. புதிய பட்டியல் ஒன்றை முழுவதுமாக எழுதி வைக்கப் போகிறோம் என்றால், உரை வடிவில் எழுதி ஏசிஎல்_ஃப்ரம்_டெக்ஸ்ட் மூலம் பட்டியலாக மாற்றிக்கொள்வது எளிது. இருப்பதைத் திருத்தும் வேலைக்கு நீண்ட வழியே நம்பகமானது.

இப்போது மாஸ்க். பதிவைச் சேர்த்த பிறகு ஏசிஎல்_கால்க்_மாஸ்க் செயற்கூறை அழைத்தால், மாஸ்க்கின் வரம்புக்குள் வரும் எல்லாப் பதிவுகளின் அனுமதிகளையும் ஒன்றுசேர்த்து அதையே மாஸ்க்காக வைக்கும். மாஸ்க் இல்லையென்றால் உருவாக்கும். முதன்முறையாகப் பெயர்ப் பதிவு சேர்க்கும்போது இது அவசியம், இல்லையேல் பட்டியல் செல்லாது. மாஸ்க் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு அழைப்பதுதான் ஆபத்து. மேலே கண்டபடி, நிர்வாகி ஒருவர் மாஸ்க்கைச் சுருக்கிச் செல்வியின் எழுதும் அனுமதியை முடக்கியிருந்தார் அல்லவா? நம் நிரல் மாறனைச் சேர்க்கும் போக்கில் மாஸ்க்கை மீண்டும் கணக்கிட்டால், செல்வியின் பதிவில் உறங்கிக்கொண்டிருந்த எழுதும் அனுமதி விழித்துக்கொள்ளும். கேட்டது மாறனுக்குப் படிக்கும் அனுமதி. கிடைத்ததோ செல்விக்கு எழுதும் அனுமதியும் சேர்த்து. எனவே மாஸ்க் முன்பே இருந்தால் அதைத் தொடாமல் விட்டு, புதிய பதிவின் அனுமதி அதற்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பதும், அடங்காவிட்டால் வரம்பை உயர்த்தும் முடிவை அழைத்தவரிடமே விடுவதும் நல்ல வடிவமைப்பு. செட்ஃபேக்ல் கட்டளை வழக்கமாக மாஸ்க்கை மறுகணக்கிடும் என்பதையும், வேண்டாமென்றால் தனி விருப்பக்குறி தர வேண்டும் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

வைப்பதற்கு முன் ஏசிஎல்_வேலிட் மூலம் பட்டியலைச் சரிபார்ப்பது நல்லது. கட்டாயமான மூன்று பதிவுகள் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை உள்ளனவா, பெயர்ப் பதிவு இருந்தால் மாஸ்க் உள்ளதா, ஒரே எண் இருமுறை வருகிறதா என்பவற்றை அது பார்க்கும். பயனர் எண் உண்மையில் யாருக்காவது உரியதா என்பதை அது பார்க்காது. இதனால் வேறொரு சிக்கலும் உண்டு: ஒரு பயனரின் கணக்கு நீக்கப்பட்ட பிறகும் அவருடைய எண் பட்டியல்களில் தங்கிவிடும், அதே எண் பின்னாளில் புதியவர் ஒருவருக்கு வழங்கப்பட்டால், பழையவரின் அனுமதிகள் யாரும் கேட்காமலேயே அவருக்குச் சேரும். பயனர் நீக்கத்தோடு பட்டியல்களைத் துப்புரவு செய்யும் நிரல் ஒன்றை இணைத்து வைப்பது இதற்காகத்தான்.

வைக்கும் அழைப்பு தோற்கக் காரணங்கள் பல. உரிமையாளரோ உரிய சிறப்பு அதிகாரம் பெற்றவரோ அல்லாதவர் முயன்றால் அது அனுமதியில்லை என்ற பிழையைத் தரும்; கோப்பில் எழுதும் அனுமதி இருப்பது பட்டியலை மாற்றும் உரிமையைத் தராது. கோப்பு முறைமை பட்டியல்களை ஏற்காத வகையாக இருந்தால் ஆதரவில்லை என்ற பிழை வரும். யுஎஸ்பி நினைவகங்களில் பரவலாக இருக்கும் ஃபேட் வகை அப்படிப்பட்டது. இந்த இரண்டாவது பிழையை மற்றவற்றோடு கலக்காமல் தனியே கையாள வேண்டும், ஏனெனில் அந்த இடத்தில் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை.

பாதையைக் கொண்டு அழைக்கும் செயற்கூறுகளோடு, திறந்த கோப்புக்கு இயங்குதளம் தரும் எண்ணைக் கொண்டு அழைக்கும் ஏசிஎல்_கெட்_எஃப்டி, ஏசிஎல்_செட்_எஃப்டி என்ற இணையும் உண்டு. முடிந்தவரை இவற்றையே பயன்படுத்துவது நல்லது. பாதையால் எடுத்து, பாதையால் வைக்கும்போது, இடைப்பட்ட கணத்தில் யாரேனும் அந்தப் பெயரை வேறொரு கோப்புக்கு மாற்றிவிட்டால், ஒரு கோப்பின் பட்டியலை மற்றொன்றில் வைத்துவிடுவோம். பாதையின் இறுதியில் ஒரு குறியீட்டு இணைப்பு இருந்தால் அது சுட்டும் கோப்பையே செயற்கூறு தொடும் என்பதால், சிறப்பு அதிகாரத்தோடு ஓடும் நிரல்களில் இது தாக்குதலுக்கான வாசலாகிவிடுகிறது. திறந்த கோப்பின் எண்ணோ எப்போதும் ஒரே கோப்பைத்தான் குறிக்கும். ஆனால் இதுவும் இன்னொரு சிக்கலைத் தீர்ப்பதில்லை: இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பட்டியலை எடுத்து, ஆளுக்கொரு திருத்தம் செய்து, அடுத்தடுத்து வைத்தால், முதலில் வைத்தவரின் திருத்தம் அழிந்துபோகும். பட்டியலுக்கென்று தனிப் பூட்டு இல்லை; நம் நிரல்களுக்குள் ஒரு பூட்டுக் கோப்பை வைத்து உடன்பாடு செய்துகொள்வதே வழி.

அடைவுகளுக்கு மட்டும் இரண்டாவது பட்டியல் ஒன்று உண்டு. அது இயல்நிலைப் பட்டியல். அந்த அடைவை யார் திறக்கலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதற்குள் இனிப் பிறக்கும் கோப்புகள் எந்தப் பட்டியலோடு பிறக்க வேண்டும் என்பதையே சொல்கிறது. உள்ளே உருவாகும் துணை அடைவு அதைத் தன் இயல்நிலைப் பட்டியலாகவும் ஏற்றுக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் கோப்புகளை இது தொடுவதில்லை. அவற்றுக்கு அடைவு மரம் முழுவதையும் நடந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

புதிய கோப்புகளின் அனுமதியிலிருந்து சிலவற்றை வழக்கமாகக் கழிக்கும் அமைப்பு யூமாஸ்க். இயல்நிலைப் பட்டியல் இருக்கும் அடைவில் அது செயல்படாது. ஆனால் கோப்பை உருவாக்கும் நிரல் கேட்ட அனுமதி எண் செயல்படும், அதுவும் மாஸ்க்கின் வழியாக. ஒரு நிரல் 0600 என்று கேட்டுக் கோப்பை உருவாக்கினால், குழுவுக்குரிய இடத்தில் சுழியம் இருப்பதால் புதிய கோப்பின் மாஸ்க் வெறுமையாகும். இயல்நிலைப் பட்டியலிலிருந்து மாறனும் செல்வியும் பெயரளவில் வந்து சேர்ந்திருப்பார்கள், கையில் எந்த அனுமதியும் இருக்காது. ‘இயல்நிலைப் பட்டியல் வைத்தேன், வேலை செய்யவில்லை’ என்ற புலம்பல் எழும்போதெல்லாம், அந்தக் கோப்பை உருவாக்கிய நிரல் எந்த எண்ணைக் கேட்டது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இதோடு பிணைந்த ஒன்று, உரைத் திருத்திகள் கோப்பைச் சேமிக்கும் விதம். மின்சாரம் போனாலும் பழைய உள்ளடக்கம் பாழாகாமல் இருக்க, பல நிரல்கள் புதிய உள்ளடக்கத்தை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பின் அதைப் பழைய பெயருக்கு மாற்றுகின்றன. தற்காலிகக் கோப்புகள் பெரும்பாலும் 0600 அனுமதியோடு பிறப்பவை. பெயர் பழையது, கோப்பு புதிது. பழைய கோப்போடு அதன் பட்டியலும் போய்விடும். அனுமதி பிட்டுகளை மட்டும் நகலெடுப்பது போதாது. பெயர் மாற்றுவதற்கு முன் பழைய கோப்பின் பட்டியலை எடுத்துப் புதியதில் வைக்க வேண்டும். லிப்ஏசிஎல் தரும் பெர்ம்_காப்பி_ஃபைல் என்ற செயற்கூறு அனுமதி பிட்டுகளையும் பட்டியலையும் சேர்த்தே நகலெடுக்கிறது.

விண்டோஸுக்கு வருவோம். அங்கே ஒன்பது பிட்டுகள் என்ற அடித்தளம் இல்லாததால் மாஸ்க் என்ற சமரசமும் இல்லை. ஒவ்வொரு பதிவும் ஒரு பயனரையோ குழுவையோ எஸ்ஐடி என்ற பாதுகாப்பு அடையாளத்தால் குறிக்கிறது. அது மறுபடி வேறொருவருக்கு வழங்கப்படுவதில்லை என்பதால், மேலே சொன்ன எண் மறுபயன்பாட்டுச் சிக்கல் அங்கே எழாது. பதிவுகளில் வழங்குவன, மறுப்பன என்று இரு வகை உண்டு. கர்னல் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, கேட்ட அனுமதிகள் எல்லாம் கிடைத்ததும் திறக்கிறது. அதற்குமுன் ஏதேனும் ஒன்று மறுக்கப்பட்டால் நிறுத்திவிடுகிறது. வெவ்வேறு குழுக்களிலிருந்து வரும் அனுமதிகள் இங்கே கூடிச் சேரும். வரிசையே பொருளைத் தீர்மானிப்பதால், கோப்பிலேயே வைத்த மறுப்புகள், கோப்பிலேயே வைத்த வழங்கல்கள், அதன்பின் மேலடைவிலிருந்து மரபாக வந்தவை என்ற ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. பதிவுகளைக் கையால் அடுக்கும் நிரல்கள் இந்த ஒழுங்கைக் குலைத்துவிடக்கூடும்.

அதனால் கெட்நேம்ட்செக்யூரிட்டிஇன்ஃபோ மூலம் பட்டியலை எடுத்து, செட்என்ட்ரீஸ்இன்ஏசிஎல் மூலம் புதிய பதிவை இணைத்த ஒரு புதுப் பட்டியலைப் பெற்று, செட்நேம்ட்செக்யூரிட்டிஇன்ஃபோ மூலம் திரும்ப வைப்பதே பரிந்துரைக்கத்தக்க வழி. எடுத்தல், திருத்தல், வைத்தல் என்ற அதே மூன்று படிகள்தான். இணைக்கும்போது ‘வழங்கு’ என்று சொன்னால் இருக்கும் அனுமதியோடு சேர்க்கும். ‘அமை’ என்று சொன்னால் அந்தப் பயனரின் பழைய அனுமதிகளை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் வைக்கும். எடுக்கும்போது கிடைக்கும் பட்டியல் ஒரு பெரிய பாதுகாப்பு விவரத்தொகுதிக்குள் இருக்கும் பகுதி மட்டுமே. விடுவிக்க வேண்டியது அந்தத் தொகுதியை, பட்டியலின் சுட்டியை அன்று.

விண்டோஸில் ஒன்றை மட்டும் எவரும் மறக்கலாகாது. பட்டியல் இருக்கிறது, ஆனால் அதில் பதிவே இல்லை என்றால், எவருக்கும் அனுமதி இல்லை. பட்டியலே இல்லை, அதாவது அதன் சுட்டி வெற்று மதிப்பு என்றால், அனைவருக்கும் முழு அனுமதி. எதிர்த் துருவங்களான இந்த இரண்டு நிலைகளுக்கும் நிரலில் உள்ள தூரம் ஒரு மாறியின் மதிப்பு மட்டுமே. பட்டியல் உருவாக்கம் தோற்றதைக் கவனிக்காமல், வெற்றாக நிற்கும் சுட்டியை அப்படியே வைக்கும் அழைப்புக்கு அனுப்பும் நிரல், பாதுகாக்க வந்த கோப்பை ஊருக்கே திறந்துவிடும்.

மேக் இயங்குதளம் 2005 முதலும், வலைவழிக் கோப்பு முறைமையான என்எஃப்எஸ் தன் நான்காம் பதிப்பிலும், விண்டோஸின் சாயல் கொண்ட, வழங்கலும் மறுப்பும் உள்ள பட்டியல்களையே ஏற்றுக்கொண்டன. 2011-இல் வந்த ஜாவா 7-இன் கோப்பு நூலகத்தில் உள்ள பட்டியல் வகுப்புகளும் அந்த வார்ப்பைச் சேர்ந்தவை. பைத்தானின் அடிப்படை நூலகத்தில் இதற்கெனச் செயற்கூறுகள் இல்லை. லினக்ஸில் பைலிப்ஏசிஎல் என்ற தனித் தொகுப்பை நாடுகிறார்கள். இரண்டு வார்ப்புகளுக்கும் இடையே பட்டியலை மொழிமாற்றும் நிரல் எழுதும் எண்ணம் வந்தால், மாஸ்க்குக்கு நிகரானது மறுபக்கத்தில் இல்லை, மறுப்புப் பதிவுக்கு நிகரானது இந்தப் பக்கத்தில் இல்லை என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

எந்த இயங்குதளமாக இருந்தாலும், ‘இந்தப் பயனரால் இந்தக் கோப்பைத் திறக்க முடியுமா’ என்பதற்கு விடைகாண, பட்டியலை எடுத்து நாமே விதிகளைப் பொருத்திப் பார்க்கும் நிரலை எழுதக் கூடாது. கோப்பு இருக்கும் அடைவுகளை ஊடுருவிச் செல்லும் அனுமதி, படிக்க மட்டுமே இணைக்கப்பட்ட கோப்பு முறைமை, எஸ்இலினக்ஸ் போன்ற கூடுதல் காவல், சிறப்பு அதிகாரங்கள் என்று பட்டியலுக்கு வெளியே இருந்து விடையை மாற்றக்கூடியவை பல. முன்கூட்டிக் கேட்டுப் பதில் பெற்றாலும், கேட்டதற்கும் திறப்பதற்கும் இடையே பட்டியல் மாறிவிடலாம். அந்தப் பயனரின் அடையாளத்தோடு கோப்பைத் திறந்து பார்த்து, மறுப்பு வந்தால் அதைப் பிழையாகக் கையாள்வதுதான் சரியான சோதனை. பட்டியலைப் படிக்கும் செயற்கூறுகள், இருப்பதை மனிதருக்குக் காட்டவும் திருத்தவும் மட்டும்.